பேய்க்குத் தலை பின்னிய அமாவாசை

சேலத்துப் பேய்கள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வெளியே வரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். 1938-இல் அப்படி ஒரு பேயைக் கூட்டிவந்து நிறுத்துகிற வேலை என்னுடையதாக இருந்தது. இருட்டில் காமிராவுக்குக் கண் தெரியாது. ஆகவே கதையில் நடுநிசி என்று எழுதியிருந்தால் உச்சி வெயிலில் எடுப்போம். பிலிம் கழுவுகிற இடத்தில் அதைக் கொஞ்சம் கறுப்பாக்கி, இதுதான் நடுநிசி என்று ஜனங்களிடம் காட்டிவிடுவோம். ஜனங்களும் நல்லவர்கள், நம்பிவிடுவார்கள்.

அஸ்தம்பட்டியில் ஏற்காட்டுக்குப் போகிற ரோட்டின்மேல் இருந்தது எங்கள் சினிமா கம்பெனி. நான் அதில் உதவி டைரக்டர். கேட்பதற்குப் பெரிய பதவி. டைரக்டருக்குக் குடை பிடிப்பது, நடிகர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது, ஆட்டுக்குட்டி வேண்டுமென்றால் ஆட்டுக்குட்டியைப் பிடித்து வருவது, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பதவி. அந்த வருஷம் கம்பெனி எடுத்த புராணப் படம் முடிந்து பார்த்தால் நீளம் போதவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய ஜனங்களை இரண்டு மணி நேரத்தில் எழுந்து போகச் சொன்னால் கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். படத்துக்குப் பின்னால் ஒட்டுவதற்கு ஒரு குட்டிப் படம் எடுங்கள், பேய்ப் படமாக இருக்கட்டும், தீபாவளிக்குள் முடியுங்கள் என்றார். பேய்க்கு நகையும் பட்டும் வேண்டாம் என்பது அவருடைய யோசனை.

டைரக்டர் பெயர் தீர்த்தகிரி. அரூர்ப் பக்கத்திலிருந்து கல்கத்தா போய், இரண்டு வருஷம் கழித்து 'டி. கிரி'யாகத் திரும்பியவர். வெயிலோ நிழலோ தொப்பியைக் கழற்றமாட்டார். வெள்ளைக்காரப் பேய்ப் படங்கள் நிறையப் பார்த்திருந்தார்.

"கந்தவேல், ஒரு பழைய வீடு பார். வளைந்து ஏறுகிற படிக்கட்டு இருக்க வேண்டும். உச்சியில் கண்ணாடி விளக்குக் கொத்து தொங்க வேண்டும். கோபுரம் இருந்தால் நல்லது" என்றார்.

சேலத்தில் அப்படிப்பட்ட வீட்டில் கலெக்டர்தான் குடியிருப்பார், அவர் நமக்கு விடமாட்டார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரை அம்மாபேட்டைக்கு அழைத்துப் போனேன்.

அது என் அம்மா பிறந்த தெரு. அங்கே சண்முகவேல் முதலியாரையும் அவர் மனைவி சுப்பம்மாளையும் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிட்டே வளர்ந்தவன் நான். ஒரு காலத்தில் பத்துத் தறி ஓடிய வீடு. இப்போது முன்கட்டில் இரண்டு தறி ஓடுகிறது. பின்கட்டைப் பூட்டி எத்தனையோ வருஷமாகிறது. திறந்து பார்த்தால் சுவரெல்லாம் காரை உதிர்ந்து, மூலைக்கு மூலை நூலாம்படை. கூரையில் ஓடு போன இடங்களில் வெயில் தூண் தூணாக இறங்கி நின்றது. காமிராக்காரர் அந்த ஓட்டைகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். டைரக்டர் தரையைப் பார்த்தார். நெசவு செய்கிறவர் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிற குழிகள் அங்கே வரிசையாக இருந்தன. மேலே தறி இல்லை, குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. டைரக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"சமாதி" என்றார்.

"தறிக்குழிங்க" என்றேன்.

"இல்லை கந்தவேல். சமாதி. அவள் இதிலிருந்துதான் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு எழுந்து வருகிறாள்."

வீடு கிடைத்துவிட்டது. சத்தம்தான் தொந்தரவு. அம்மாபேட்டையில் பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் தெருவெல்லாம் தறிச் சத்தம். நடுவில் ஒரு பேய் சிரித்தால், அதுவும் ஒரு பக்கம் உட்கார்ந்து நெய்துகொண்டே சிரிக்கிற மாதிரிதான் கேட்கும். சத்தம் பிடிக்கிறவர் முடியவே முடியாது என்று காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டார். எனக்குத்தான் வழி தோன்றியது. அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு ஒரு தெரு பாக்கியில்லாமல் நிசப்தம். பதினைந்து நாளில் அமாவாசை. அதைத் தவறவிட்டால் அடுத்தது தீபாவளியோடுதான் வரும், படம் அதற்குள் கொட்டகையில் இருக்க வேண்டும். ஆக, எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல்.

பெரியப்பா அதிகம் பேசமாட்டார். "எடுத்துக்குங்க" என்று ஒரே வார்த்தையில் வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியம்மாதான் கேட்டாள்.

"என்ன படம் சாமி எடுக்கறீங்க?"

பேய்ப் படம் என்றால் விளக்குமாற்றை எடுப்பாள். எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைத்தேன். "வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு ஒரு அம்மா வருவாங்க பெரியம்மா. அந்தக் குழியிலிருந்து திடீர்னு தோன்றுவாங்க. திடீர்னு மறைஞ்சிருவாங்க."

"வெள்ளைச் சேலையா? சரஸ்வதியா சாமி?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் செய்த அயோக்கியத்தனம் இவ்வளவுதான், ஆனால் இதுவே போதுமானதாக இருந்தது.

பேயாக நடிக்க வேண்டியவள் சௌந்திரம். திருச்செங்கோட்டுக்காரி. பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடப்பட்டு, பதினான்கு வருஷம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவள். மூன்று படங்களில் ராணிக்குப் பின்னால் நின்று விசிறியிருக்கிறாள். ஒன்றில்கூட முகம் தெரியவில்லை, விசிறி மறைத்துவிட்டது. இந்தத் தடவை முதலாளி அவளைக் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கொட்டகையில் ஜனங்கள் பயந்து நடுங்கினால் அடுத்த படத்தில் நாயகிக்குத் தங்கை வேஷம், மூன்று வருஷ ஒப்பந்தம். சிரித்துவிட்டார்களானால் மாசக் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய நாடகக் கம்பெனிக்கே போய்விடலாம்.

"நாடகத்துல என்ன கஷ்டம்?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"கஷ்டம்னு ஒண்ணும் இல்லீங்கண்ணா. வண்டியிலயே தூங்கி வண்டியிலயே முழிக்கணும். எந்த ஊருன்னு ஆரையாச்சும் கேட்டாத்தான் தெரியும். எனக்கு ஒரே எடத்துல இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதை விடுங்கள். அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு மனப்பூர்வமான ஆசை. பதினைந்து நாளும் கம்பெனியின் பின்பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பேய்ச் சிரிப்புப் பழகினாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே ஏறி உடைந்து சிதறுகிற சிரிப்பு. துணி எடுக்க வந்த வண்ணான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடியவன் திரும்பி வரவே இல்லை. எனக்கு நம்பிக்கை பிறந்தது.

அமாவாசையன்று காலை எட்டு மணிக்கு வேன் அம்மாபேட்டையில் போய் நின்றது. ஒரு தறியும் ஓடவில்லை. ஒரு வினாடி எனக்கு என் புத்திசாலித்தனத்தின்மேல் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு வீட்டைப் பார்த்தேன்.

வீடு கண்ணைக் கூசவைத்தது. அடியிலிருந்து முடி வரைக்கும் சுண்ணாம்பு அடித்து, அதில் துளி நீலமும் கலந்து, நேற்றுக் கட்டிய வீடு மாதிரி நின்றது. வாசலில் மாவிலைத் தோரணம். பின்கட்டுக்கு ஓடினேன். காரை உதிர்ந்த இடமெல்லாம் பூசி மெழுகியிருந்தது. கூரையில் ஓர் ஓட்டை கிடையாது, எல்லா இடத்திலும் புது ஓடு. தறிக்குழியைச் சாணம் போட்டு மெழுகி, சுற்றிலும் செம்மண் பட்டை இழுத்து, விளிம்பில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தது. தெரு ஜனம் முழுவதும் தலைக்குக் குளித்துச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தேங்காய் பழத் தட்டோடு காத்திருந்தது. சென்னியப்பன் என்று ஒருவர், தெருவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர், டைரக்டரிடம் வந்து பணிவாகக் கேட்டார்.

"ஏனுங்க, சரஸ்வதி எத்தன மணிக்குங்க வாராங்க?"

டைரக்டர் அவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். குத்துவிளக்கைப் பார்த்தார். காமிராக்காரர் கூரையைப் பார்த்தபடி, "என் ஓட்டையெல்லாம் எங்கே?" என்று தாயைத் தொலைத்த பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேய் வீடு கேட்டேன் கந்தவேல்" என்றார் டைரக்டர், எல்லோருக்கும் கேட்கும்படி. "பேய் எழுந்து வருகிற சமாதி கேட்டேன். நீ எனக்குக் கல்யாண வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறாய்."

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, கையில் இன்னும் சுண்ணாம்பு தின்ற புண் ஆறவில்லை.

"ஏண்டா. அமாவாசையும் அதுவுமா எம்பட ஊட்டுல பேயை ஏத்தறதுக்கா பதினஞ்சு நாளா என்னையச் சுண்ணாம்பு அடிக்க உட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருந்தே?"

"பெரியம்மா, நான் சரஸ்வதின்னு என் வாயால..."

"பேசாதே. உன்னைய அப்புறம் பாத்துக்கறேன்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "வாக்குக் குடுத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். எங்களைத் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பழைய வீட்டைப் புதிதாக்கப் பதினைந்து நாள் ஆயிற்று. புதிய வீட்டைப் பழையதாக்க எங்களுக்கு இருந்தது நான்கு மணி நேரம். வீட்டுக்கு வீடு போய் அடுப்புக்கரியும் சாம்பலும் வாங்கிவந்து சுவரில் தீற்றினேன். ஒரு சுவரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால், பெரியம்மா ஈரத் துணியோடு வந்து முதல் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "நீ உன் வேலையைப் பாரு, நான் எம்பட வேலையைப் பாக்கறேன்" என்றாள். நூலாம்படை செய்யக் கழிவு நூல் கேட்டேன். சரஸ்வதி வராததில் தெருவுக்கு ஏமாற்றம்தான், என்றாலும் பேய் வருகிறதே என்று தேற்றிக்கொண்டு கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். தாறுமாறாகச் சிக்குப் பிடித்த நூல். அப்படியே மூலையில் தொங்கவிட்டால் நூறு வருஷத்து நூலாம்படை. ஏணி எடுத்துவர நான் முன்கட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் சென்னியப்பனும் மற்றவர்களும் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, சிக்கெடுத்து, இழை பிரித்து, அழகாகக் கண்டு கண்டாகச் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள்.

"என்னங்க இது?" என்றேன். அழுகை வந்தது.

"சிக்கலாக் கெடந்துச்சு. கை சும்மாத்தானே இருக்குதுன்னு எடுத்து உட்டோம்" என்றார் சென்னியப்பன். சிக்கு நூலைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் வராது. அவர்களைக் கோபித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்.

பன்னிரண்டு மணிக்குச் சௌந்திரம் வேனிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை, விரித்துப் போட்ட தலை, பாழ் நெற்றி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. கன்னம் ஒட்டிப்போயிருக்க வேண்டும் என்று டைரக்டர் முந்தின நாளிலிருந்தே அவளைப் பட்டினி போட்டிருந்தார். தெரு ஜனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. ஒரு குழந்தை வீறிட்டது. டைரக்டர் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகச் சந்தோஷம் தெரிந்தது.

பெரியம்மா அப்போதுதான் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்தாள். சௌந்திரத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. நேரே அவளிடம் போய், விரித்துப் போட்ட தலைமுடியில் ஒரு கொத்தை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஆரு பெத்த புள்ள சாமி நீ? இந்தத் தலை எண்ணெயைக் கண்டு எத்தன நாளாச்சு?"

பெரியம்மா அவளுடைய ஒட்டிய கன்னத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டியா?"

சௌந்திரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "நேத்துலருந்து இல்லீங்க" என்றாள்.

பெரியம்மா டைரக்டரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஏனோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த நிமிஷம் பெரியம்மா சௌந்திரத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டாள்.

டைரக்டர் கதவைத் தட்டினார். "அம்மா, அந்தப் பெண்ணை ஒன்றும் செய்துவிடாதீர்கள். அது பேய்."

"பேயா இருந்தா பட்டினி போடறதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேயோ பிசாசோ, எம்பட வாசப்படி தாண்டி வந்த பொண்ணு தலை விரிச்சுக்கிட்டு, பொட்டில்லாம இந்த ஊட்டை உட்டுப் போகாது. நீங்க போயி ஒக்காருங்க."

கதவு ஒன்றரை மணி நேரம் திறக்கவில்லை. திறந்தபோது வெளியே வந்தது பேய் இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரி, இறுக்கிப் பின்னிய சடை. சடை நிறைய மல்லிகை. மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். வெள்ளைச் சேலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெரியம்மா தன்னுடைய அரக்குச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். பட்டினியால் ஒட்டிய கன்னத்தைக்கூட இரண்டு வடையும் பாயசமும் தூக்கிவிட்டிருந்தன. பார்த்தவர்கள் ஒருவர்கூட ஒதுங்கவில்லை. சென்னியப்பன் மனைவி, "மகராசியாட்டம் இருக்குது" என்று திருஷ்டி கழித்தாள்.

டைரக்டர் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வைத்த தலையை அவிழ்த்தாலும் அது விரியாது. தலைக்கு ஊற்றிக் காய வைப்பதற்குள் சூரியன் முற்றத்தைத் தாண்டிப் போய்விடும். "இன்னும் ஒரு மணி நேரந்தான் வெளிச்சம்" என்றார் காமிராக்காரர்.

சௌந்திரம் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டாள். கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள்.

"அண்ணா, சிரிப்பு வரமாட்டேங்குதுங்க."

"என்ன சொல்றே?"

"உள்ள சிரிச்சுப் பாத்தேன். பதினஞ்சு நாளாப் பழகுன சிரிப்பு வரவே இல்லீங்க. வயிறு நெறஞ்சு போச்சு. நெறஞ்ச வயித்துல அது வராதாட்டம் இருக்குது."

வீட்டைக் கெடுத்தவன் நான். ஒரு பொய்யால் இவளுடைய பிழைப்பையும் கெடுத்துவிட்டேன். "உன் ஒப்பந்தம் என்ன ஆகும்?" என்றேன்.

"தெரியுதுங்க. ஆனா வராத சிரிப்பைச் சிரிச்சா ஜனங்க சிரிச்சிருவாங்க. அந்தம்மா எங்கிட்ட என்ன கேட்டாங்களோ அதையே கேட்டுப் பாக்கறேன். உட்டுப் பாருங்கண்ணா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நான் கல்கத்தாவுக்குத் திரும்பிப் போகிறேன்" என்றார். காமிராக்காரர்தான் கொஞ்ச நேரமாகச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுமுற்றத்து வெயிலை இந்தச் சுண்ணாம்புச் சுவர் மூலை முடுக்கெல்லாம் வீசுகிறது ஐயா. இவ்வளவு வெளிச்சம் எனக்கு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை. எடுத்துவிடுவோம்" என்றார்.

கதை இதுதான். அறுபது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வாய்ச்சவடால்காரன் பந்தயம் கட்டிவிட்டு நுழைகிறான். அவனாக நடித்தவர் எங்கள் நகைச்சுவை நடிகர் செல்லமுத்து. நல்ல பருமன், நல்ல சாப்பாட்டுப் பிரியர். அவருக்குச் சொல்லியிருந்ததெல்லாம் ஒன்றுதான்: உள்ளே போ, பேய் சிரிக்கும், மயக்கம் போட்டு விழு. புது ஏற்பாட்டை அவரிடம் சொல்ல எனக்கு நேரமில்லை. குழிக்குப் பக்கத்தில் ஓர் இலை விரித்து, அமாவாசைச் சமையலைப் பெரியம்மாவே பரிமாறி வைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, வடை, பாயசம். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

காமிரா ஓடத் தொடங்கியது. தெரு மூச்சுவிடவில்லை. செல்லமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அறுபது வருஷம் பூட்டிய வீடு பளிச்சென்று இருக்கிறது. விளக்கு எரிகிறது. ஒரு தூசி இல்லை. சௌந்திரம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சென்னியப்பன் சிக்கெடுத்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பினாள். வந்தவரைப் பார்த்து எழுகிற வீட்டுக்காரியைப்போல நிதானமாக எழுந்தாள். பூவைத் தடவிச் சரிசெய்தாள். சிரிக்கவில்லை. லேசான புன்னகை.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

செல்லமுத்துவுக்கு வசனம் மறந்துபோயிற்று. இலையில் இருந்த வடையைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார், உள்ளதைத்தான் சொன்னார். உட்கார்ந்தார். வடைக்குக் கையை நீட்டினார்.

"சாப்பிடுங்க" என்றாள் சௌந்திரம், விசிறியை எடுத்துக்கொண்டு. "இலை போட்டு அறுபது வருஷமாச்சு. இன்னும் ஆரும் வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

செல்லமுத்துவின் கை அந்தரத்திலேயே நின்றது. அவர் மயக்கம் போட்டு விழவில்லை. எழுந்து ஓடினார். முன்கட்டைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஜனத்தைத் தாண்டி ஓடினார். அவர் ஓடுவதைப் பார்த்து, எதற்கு என்று தெரியாமலே தெருவும் ஓடிற்று. சென்னியப்பன் தேங்காய்த் தட்டோடு ஓடினார். சௌந்திரம் மட்டும் காலி இலைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காமிராக்காரர் பிலிம் தீருகிற வரைக்கும் எடுத்தார்.

"இந்த வசனத்தை யார் எழுதியது?" என்று டைரக்டர் ரகசியமாகக் கேட்டார். அவர் தொப்பி தரையில் கிடந்தது. சமையல்கட்டு வாசலிலிருந்து பெரியம்மா, "வடை ஆறுது. சாப்பிட ஆரும் இல்லையா?" என்றாள். டைரக்டர் ஒருதரம் துள்ளிவிட்டு அடங்கினார்.

எல்லோரும் கிளம்பினார்கள். என்னை விடவில்லை. நான் தீற்றிய கரியில் துடைத்தும் போகாத கறைக்கெல்லாம் மறுபடி சுண்ணாம்பு அடிக்க வைத்துத்தான் அனுப்பினாள் பெரியம்மா. பொழுது சாய்கிற வரைக்கும் அடித்தேன்.

தீபாவளியன்று மாலைக் காட்சி. கொட்டகை நிறைந்த கூட்டம். அம்மாபேட்டைத் தெரு முழுவதும் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தது. புராணப் படம் முடிந்து எங்கள் துண்டுப் படம் தொடங்கியது. சௌந்திரம் பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் திரும்பி, "வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். அறுபது வருஷத்து இலையைப் பற்றிச் சொன்னாள்.

யாரும் கத்தவில்லை. யாரும் நடுங்கியதாகவும் தெரியவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. விளக்குப் போட்டதும் ஜனங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் எழுந்து வெளியே போனார்கள். பின்வரிசையிலிருந்த முதலாளி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"பெட்டியைக் கட்டிடறேனுங்கண்ணா" என்றாள் சௌந்திரம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு முதலாளியின் கார் கம்பெனிக்குள் நுழைந்தது. அவர் இறங்கினார். முதல் நாள் போட்டிருந்த அதே சட்டை, கசங்கிக் கிடந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, அப்புறம் சொன்னார்.

"நேத்து ஊட்டுக்குப் போனேன். எம்பட சம்சாரம் தலை நெறையப் பூ வச்சுக்கிட்டு, விளக்கைப் பின்னால வச்சுட்டு, வாசப்படியில வந்து நின்னா. வாங்க, சாப்பிட்டீங்களான்னா. முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறா. எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. திரும்பி வந்து கார்லயே படுத்துக்கிட்டேன்."

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. அன்றைக்குப் பத்து மணிக்குள் ஊரெல்லாம் இதே பேச்சு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர், இனிமேல் வாயைத் திறக்காமல் தட்டை மட்டும் கொண்டுவந்து வை என்று மனைவியிடம் கும்பிட்டுக் கேட்டாராம். அம்மாபேட்டையில் சென்னியப்பன், சாப்பிட்டீங்களா என்ற சொல் காதில் விழுந்ததும் கிணற்றடிக்குப் போய் நின்றவர், மாமியார் வந்து கூப்பிட்டும் உள்ளே போகவில்லையாம். ஒரு மாசத்துக்குச் சேலத்தில் எந்த ஆம்பிளையும் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. கொட்டகையில் அதற்கப்புறம் இடமே கிடைக்கவில்லை.

முதலாளி ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "மூணு வருஷம். அந்தப் பொண்ணுகிட்டக் கையெழுத்து வாங்கிக்க. அது எங்கிட்ட வந்து ஒண்ணும் கேக்க வேண்டாம்னு சொல்லு."

கையெழுத்துப் போட்ட அந்த வாரமே சௌந்திரம் என்னை ஒரு குதிரை வண்டி கூப்பிடச் சொன்னாள். தாம்பூலமும் பழமும் வாங்கிக்கொண்டு, பெரியம்மாவின் அரக்குச் சேலையைத் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என்னோடு அம்மாபேட்டைக்கு வந்தாள். அம்மாபேட்டைக்குள் திரும்பும்போது சொன்னாள்.

"பதினாலு வருஷத்துல எத்தனையோ ஊரு பாத்துட்டனுங்கண்ணா. ஆடுன்னாங்க, பாடுன்னாங்க, இன்னொருக்கா சிரின்னாங்க. வாசல்ல நின்னு சாப்பிட்டியான்னு கேட்டது அந்தம்மா ஒருத்திதான். அன்னைக்கு நான் பயங்காட்டல. எனக்குன்னு ஒரு ஊடு இருந்தா வர்றவங்களை எப்படிக் கூப்புடுவேனோ அப்படித்தான் கூப்புட்டேன்."

தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடுப்பில் கையை வைத்து எங்களைப் பார்த்தாள்.

"வா சாமி. சாப்பிட்டியா?"

பட்டப் பகலில், என் பெரியம்மாவின் வாசலில், எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப்போய் ஒரு கால் வண்டியிலேயே நின்றுவிட்டது. சௌந்திரம் இறங்கி, வாசலிலிருந்த செம்பை எடுத்துக் காலைக் கழுவிக்கொண்டாள்.

"இன்னும் இல்லீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.